இரண்டு பக்கமும் ஆத்தி

புறநானூறு 45ஐ எங்களுக்கு ஸ்கூலில் சமாதானப் பாட்டு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். கோட்டைக்குள் இன்னொரு சோழன், நெடுங்கிள்ளி. புலவர் கோவூர்கிழார் நடுவில் நின்று பேசுகிறார். ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

இப்போது திரும்பப் படித்தால், பாட்டு பூவில்தான் நிற்கிறது. உன் எதிரி பனந்தோடு சூடவில்லை, ஆகவே சேரன் இல்லை. வேம்பு சூடவில்லை, பாண்டியனும் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி.

போன வருஷம் கல்வராயன் மலையில் ஒருவர் ஆத்தி மரத்தைக் காட்டினார். வெளிறிய சின்னப் பூ. கொஞ்சம் தள்ளி நின்றால் வேப்பம்பூ என்றே நினைப்போம். இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் சண்டை போட்டார்களோ! அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு நீலம், தெற்கு சாம்பல் என்பார்கள். ஆனால் 1861 ஜூலை 21, புல் ரன் சண்டையில் தெற்கின் ஒரு வர்ஜீனியா ரெஜிமென்ட் நீலத்தில் வந்தது. நம்ம ஆளுங்க என்று வடக்கின் பீரங்கிக்காரர்கள் சுடாமல் நின்றார்கள். பீரங்கிகள் பறிபோயின.

உறையூரிலும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான். 47ஆம் பாட்டைப் பாடி அவரைக் காப்பாற்றியதும் கோவூர்கிழார்தான். 1986இல் புலிகள் டெலோவை அழித்தபோதும், ஊர்ச் சனத்துக்கு இரண்டு பக்கமும் 'பொடியள்'தான்.

ஆனால் 45ஐப் போர் எதிர்ப்புப் பாட்டாகக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. எதிரே வேம்பு இருந்திருந்தால்? 33ஆம் பாட்டில் இதே புலவர், இதே நலங்கிள்ளி பாண்டிய நாட்டின் ஏழெயில் கோட்டையைப் பிடித்துப் புலிச்சின்னம் பொறித்ததைப் புகழ்கிறார். அந்தப் பக்கம் செத்தவர்களுக்கும் குடி இருந்திருக்கும். 45இன் வாதம் பூ ஒன்றாக இருக்கும்வரைதான் செல்லும். அதன் கடைசிக் கவலையும், மற்ற ராஜாக்கள் பார்த்துச் சந்தோஷப்படுவார்களே என்பதுதான்.

அதனால்தான் எனக்கு 46 பெரிய பாட்டு. எங்க மாவட்டப் பாட்டு என்கிற பாசமும் உண்டு, மறைக்கவில்லை. திருக்கோவிலூரை ஆண்ட மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான் கிள்ளிவளவன். எதிரியின் பிள்ளைகள், ஒரே பூ என்று சொல்ல வழியில்லை. இங்கேயும் கோவூர்கிழார் குடிப்பெருமையில்தான் ஆரம்பிக்கிறார்: நீ புறாவைக் காத்தவன் வம்சம், இவர்கள் புலவர்களுக்குப் பகிர்ந்து உண்டவர்கள் வம்சம். பிறகு அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் காட்டுகிறார். யானையைப் பார்த்ததும் அவை அழுகையை மறந்துவிட்டன. முன்பின் தெரியாத மன்றத்தை மிரண்டு பார்க்கின்றன. கேட்டாயல்லவா, இனி உன் இஷ்டம் என்று நிறுத்திவிடுகிறார்.

பிள்ளைகள் பிழைத்ததைப் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. 45இன் அடிக்குறிப்பில் முற்றுகை என்ன ஆயிற்று என்று இல்லை. 47இன் அடிக்குறிப்பில் மட்டும் நெடுங்கிள்ளிக்கு ஓர் அடைமொழி இருக்கிறது: காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி. காரியாற்றில் செத்தவன்.