மலைப் படமும் திருமறை வசனமும்: ஒரு மதிப்பீடு

ஒட்டன்சத்திரத்தில் நின்று தெற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நீலச் சுவரெனத் தோன்றும். இத்தகைய மலைக்காட்சியின் நிழற்படத்தை அச்சிட்டு, அதனடியில் சங்கீதம் 121இன் முதல் வசனத்தைப் பொறித்து, நாட்காட்டியாகவும் வாழ்த்து அட்டையாகவும் வழங்குவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. பல இல்லங்களில் நாள்தோறும் கண்ணிற்படும் திருமறை விளக்கவுரை இப்படம் ஒன்றே. ஆதலின் இதனை வெறும் அலங்காரப் பொருளென ஒதுக்காமல், ஓர் இறையியல் ஆக்கமாகக் கருதி மதிப்பிடுதல் நம் கடமையாகும்.

முதற்கண் இதன் நன்மையைக் கூறுவோம். ஒளியால் எழுதுதல் என்பதே இக்கலைக்கு வழங்கும் கிரேக்கப் பெயரின் பொருள். படமெடுப்பவர் ஒளியை உண்டாக்குவதில்லை, பெற்றுக்கொள்கிறார். கோடைக்கானலின் மூடுபனி விலகுமட்டும் பொறுமையோடு நிற்கிறார். காத்திருத்தலும் உற்றுநோக்குதலும் விசுவாசத்திற்கு உரிய பயிற்சிகளே அன்றோ? மத்தேயு 6:28இல் காட்டுப் பூக்களைக் குறித்து ஆண்டவர் வழங்கும் வினைச்சொல், கிரேக்க மூலத்தில் மேலோட்டமான பார்வையை அன்று, நன்கு கற்றறிதலையே குறிக்கிறது.

எனினும் படமும் வசனமும் இணையுமிடத்தில் முதற்குறை தோன்றுகிறது. நம் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதலில், மலைகளே ஒத்தாசையின் பிறப்பிடம் என்பதுபோல் அவ்வசனம் தொனிக்கிறது. எபிரெய மூலத்திலோ ‘எங்கிருந்து’ என்னும் வினாச்சொல் நிற்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் அதனை வினாவாகவே தருகிறது. விடை இரண்டாம் வசனத்தில் உள்ளது. உதவி மலையிலிருந்து அன்று, மலையைப் படைத்தவரிடமிருந்தே வருகிறது. அட்டையோ வினாவையும் மறைத்து, விடையையும் விட்டுவிடுகிறது.

இரண்டாவது குறை காலத்தைப் பற்றியது. நிழற்படம் ஒரு நொடியின் சிறு கூற்றை மட்டுமே பற்றிக்கொள்ளும். நீலக்குறிஞ்சியோ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்வது. 2006இலும் 2018இலும் அது பூத்தபோது கோடைக்கானலுக்குப் படக்கருவிகளோடு சென்றோர் பலர். இடைப்பட்ட ஆண்டுகளில் அச்செடி வெறும் பச்சைப் புதராக நின்றதைப் படமெடுக்க எவர் சென்றார்? மலர்ந்து விதை தந்தபின் அது மடிந்துபோவதை எந்த நாட்காட்டி காட்டுகிறது? ஆண்டவர் காட்டிய மலரோ அவ்வாறன்று. இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பில் இடப்படும் புல்லையும் அவர் அதே மூச்சில் குறிப்பிடுகிறார் (மத். 6:30). வாடுதலை மறைக்காமலேயே அவர் பிதாவின் பராமரிப்பைப் போதித்தார்.

மூன்றாவதாக, இவ்வட்டைகள் பலவற்றில் உறைபனியும் மேனாட்டு இலையுதிர்காலமுமே காட்சியளிக்கின்றன. திருமறை நாட்டின் பருவங்கள் அவையல்ல. அங்கே நீண்ட வறண்ட கோடைக்குப்பின், ஏறத்தாழ அக்டோபரில் முன்மாரி தொடங்கும். இளவேனிலில் பின்மாரி பெய்யும். தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் மலையே தடுத்துக்கொள்வதால், ஒட்டன்சத்திரத்து உழவரும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையையே எதிர்நோக்குகின்றனர். யாக்கோபு 5:7இல் மழைக்குக் காத்திருக்கும் பயிரிடுகிறவனை அறிந்துகொள்ள, ஆல்ப்ஸ் மலைப் படத்தைவிட இவ்வூர்ப் புன்செய் நிலம் நமக்கு மிகுதியும் உதவும்.

2016இல் அப்பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் இப்பகுதியில் ஒரு விவசாயியின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். சுவரில் பசும்புல் வெளியும் நீரோடையும் கொண்ட படம். கீழே சங்கீதம் 23. நாம் அவ்வசனத்தையே வாசித்து ஜெபிக்க எழுந்தபோது அவர் மெல்லச் சொன்னார்: “படத்துத் தண்ணி வத்தாதுங்க ஐயா.” அவர் கிணறு வற்றியிருந்தது. அதனை அவிசுவாசத்தின் சொல்லாக நாம் கொள்ளவில்லை. புலம்பல் சங்கீதங்களின் குரலாகவே கேட்டோம். அக்குரலுக்கு இடமளிக்காத படத்தை அவர் சுவரில் மாட்டியவர்கள் நாமே என்பதையும் அன்று உணர்ந்தோம். சென்ற ஆண்டு இறுதியில் அந்நாட்காட்டியைச் சபையார்க்கு வழங்கியது நம் கைதான்.

ஆதலின் படங்களை அகற்றுக என்று நாம் கூறவில்லை. வேறு படங்களையும் தேடுக என்கிறோம். உழுது மழைக்குக் காத்திருக்கும் நிலம், பூவாத ஆண்டின் குறிஞ்சிச் சரிவு, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கும் தோள்கள் ஆகியனவும் வசனத்திற்கு உரிய காட்சிகளே. கோடைக்கானலின் பைன் மரக்காட்டைப் படைப்பின் மாட்சியெனக் காட்டும்போது, அது மனிதர் நட்ட அயல்நாட்டு மரம் என்பதையும், இத்தகைய மரங்கள் மலையின் இயற்கைப் புல்வெளிகள் பலவற்றை மூடிவிட்டன என்பதையும் உடன் சொல்லவேண்டும். அப்போதுதான் ரோமர் 8:22 கூறும் படைப்பின் தவிப்பும் நம் செவிக்கு எட்டும்.

நோவாவுக்கு அருளப்பட்ட வாக்கு ஒரு பருவத்திற்கு மட்டும் உரியதன்று, குளிர்ச்சியையும் உஷ்ணத்தையும், விதைப்பையும் அறுப்பையும் அது ஒருங்கே தழுவுகிறது (ஆதி. 8:22). குறிஞ்சி மீண்டும் மலரும் என எதிர்பார்க்கப்படும் ஆண்டு 2030. அதுவரையுள்ள பச்சை ஆண்டுகளில் விசுவாசிகளுடன் நடப்பதே நம் ஊழியத்தின் பெரும்பகுதியாகும். அடுத்த ஆண்டு நாட்காட்டிக்குப் படம் தெரிந்தெடுக்கும் ஆயர், வற்றிய கிணற்றுக்குரிய அந்த மனிதரை நினைவில் வைத்துத் தெரிந்தெடுப்பாராக.