யுத்தமும் சும்மா பாட்டும்

நண்பர் ஒருவர் போர்க்காலப் பாடல்கள் என்று ஒரு பட்டியல் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். எல்லாம் கொடி, குதிரை, ரத்தம், தாய்நாடு. ‘யுத்த சமயத்தில் ஜனங்கள் நிஜமாகவே முணுமுணுத்த பாட்டு இதில் ஒன்றுகூட இல்லையே?’ என்றேன்.

‘அதெல்லாம் சும்மா காதல் பாட்டு சார்!’

இந்த ‘சும்மா’வைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பிடித்த பாடகி வேரா லின். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பிளம்பரின் மகள். 1939-ல் வந்த ‘வி வில் மீட் அகெய்ன்’ அவருடைய பெரிய ஹிட். அதில் எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது, போர் என்கிற வார்த்தையே கிடையாது. பிரிகிறவர்கள் மறுபடி சந்திப்போம் என்கிறார்கள், அவ்வளவுதான். மெட்டும் அப்படியே. பாத்ரூமில் பாடுகிற யாரும் பாடிவிடலாம். பாட்டின் பலமே இதுதான். அதிகம் சொல்லாததால் கேட்கிறவன் தன் வீட்டையும் தன்னவளையும் அதில் வைத்துக்கொள்ள முடிந்தது.

1941-ல் பி.பி.சி.யில் அவர் நடத்திய நிகழ்ச்சி, தூரத்தில் இருக்கும் சிப்பாய்களுக்கு வீட்டுக் கடிதம் மாதிரி. மேலிடத்துக்கு ஒரே கவலை, இந்த உருக்கத்தில் பையன்கள் இளகிவிட்டால்? அழுமூஞ்சிப் பாட்டுகளைக் குறைக்க 1942-ல் ஒரு கொள்கையே வகுத்தார்கள். வீரத்துக்கு பாண்டு வாத்தியம்தான் உரம் என்பது அவர்கள் கணக்கு. சிப்பாயின் கணக்கு வேறு. 1944-ல் வேரா லின் பர்மா வரைக்கும் போய், லாரியில் குட்டிப் பியானோவை ஏற்றிக்கொண்டு பாடிவிட்டு வந்தார்.

எதிர் முகாமிலும் இதே கதை. ‘லிலி மார்லீன்’ ஜெர்மன் பாட்டு. பட்டாள வாசலில் விளக்குக் கம்பத்தடியில் சந்தித்த பெண்ணை நினைத்து ஏங்கும் சிப்பாய். 1941-ல் ஜெர்மானியர் பிடித்த பெல்கிரேடு வானொலியில் லாலே ஆண்டர்சன் குரலில் ராத்திரிதோறும் போட, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ்காரர்களும் அதே ஸ்டேஷனைத் திருகிக் கேட்டார்கள். கோயபல்ஸுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவரும் பி.பி.சி. பெரியவர்களும் ஒரே கட்சி!

இதற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏமாறவும் வேண்டாம். 1940-ல் பி.பி.சி. தொழிற்சாலைகளுக்காகவே ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ ஆரம்பித்தது. நோக்கம் ரசனை இல்லை, உற்பத்தி. நடுவில் கைதட்டல் வரும் ஒரு அமெரிக்கப் பாட்டை இதில் போடவில்லை. தொழிலாளிகள் கருவிகளைத் தட்டித் தாளம் போட்டால் வேலை என்னாவது? குண்டு செய்யவும் பாட்டு உதவும். ஆறுதல் போரை நிறுத்துவதில்லை, தாங்கிக்கொள்ளப் பழக்குகிறது. 1964-ல் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தின் கடைசியில் அணுகுண்டுகள் வெடிக்க வெடிக்க, ஸ்டான்லி குப்ரிக் வேரா லின் பாட்டைப் போட்டது இந்தக் குத்தலுக்காகத்தான்.

இருந்தாலும் என் ஓட்டு சும்மா பாட்டுக்கே. அதற்குக் காரணம் ஐரோப்பாவில் இல்லை, நமக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. 1990-களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் கிடையாது. பாட்டரியும் தடை செய்யப்பட்ட பொருள். ஜனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். செய்திக்காக மட்டுமில்லை, சினிமாப் பாட்டுக்காகவும். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்க வேண்டும். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். இப்படிக் கேட்டவர்களைச் சண்டைக்கு அனுப்பும் வேலை எதையும் அந்தப் பாட்டுகள் செய்யவில்லை. மூன்று நிமிஷம் அவர்களைச் சாதாரண மனிதர்களாக வைத்திருந்தன.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘காதல் பாட்டுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கட்டுமா?’ என்றார்.

‘முதல் பக்கமாக ஒதுக்குங்கள்’ என்றேன்.