ஆரல்வாய்மொழி: பெயரும் எல்லையும்

'ஆரல்' என்பதற்கு மதில் என்றும் பொருளுண்டு. 'வாய்' நுழைவைச் சுட்டும். இவ்விளக்கத்திற்குக் கணவாயில் அமைந்த கோட்டைமதில் துணைநிற்கிறது. 1809இல் ஆங்கிலேயப் படை கைப்பற்றிய அவ்வரணை ஆவணங்கள் 'ஆரம்போலி' என்றே குறித்தன. அத்திரிபில் மதிலும் வாயிலும் மறைந்தன. 1956 நவம்பர் 1இல் தோவாளை வட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது மாநில எல்லை மேற்கே நகர்ந்தது. திருவிதாங்கூரின் கிழக்கு வாயில் இரு மாவட்டங்களின் எல்லையாகச் சுருங்கியது. பெயரோ மாறவில்லை. எனவே பேரூராட்சி வரையறையை மட்டும் ஊரின் எல்லையாகக் கொள்ளும் ஆய்வுமுறை குறையுடையது. காற்றாலைகளை உலகம் முப்பந்தல் என்கிறது. 1752இல் தேவசகாயம் பிள்ளை கொல்லப்பட்ட இடத்தை வழிபடுவோர் காற்றாடிமலை என்கின்றனர். ஆவணம் பரப்பை அளக்கிறது. வழக்காறு நினைவை அளக்கிறது. இரண்டையும் ஒப்புநோக்காத ஊர்ப்பெயராய்வு முழுமை பெறாது.