மதுரத்தின் பங்கு

சுசீந்திரத்தில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் நாகர்கோவில் வந்துவிடும். அங்கே மணிமேடைச் சந்திப்பில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சிலையாக நிற்கிறார். பக்கத்து ஊர்க்காரர், 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்தவர் என்ற முறையில் எங்களுக்கெல்லாம் அவர் மீது ஒரு சொந்தம் உண்டு. எனக்கும் உண்டு. ஆயினும் அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் ஏதோ குறைகிறது என்று மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. வெகுநாள் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. மனிதர் தனியாக நிற்கிறார்!

திரையில் அவரைத் தனியாக நினைத்துப் பார்க்க எனக்கு வருவதில்லை. அவர் ஒரு பேச்சை எடுத்து விட்டதும், எதிரே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதை வாங்கிக்கொள்ள ஓர் அம்மாள் இருக்க வேண்டும். டி. ஏ. மதுரம் இல்லாத கிருஷ்ணன், பாதி எழுதி நிறுத்திய வாக்கியம் மாதிரி.

இதை முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது புஸ்தகம் அல்ல, எங்கள் ஆச்சி. தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டில், டெலிவிஷனில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடினால் ஆச்சி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து விடுவாள். கலியாணமான புதிதில், மார்கழித் தேரோட்டம் முடிந்த கையோடு நாகர்கோவிலுக்கு நடந்தே போய்ப் படம் பார்த்தவள் அவள். நாங்கள் கிருஷ்ணனைப் பார்த்துச் சிரிப்போம். ஆச்சி ஒரு விநாடி முந்திச் சிரிப்பாள். ஏன் என்று கேட்டேன். “நீ அவரப் பாக்க. நான் அவளப் பாக்கேன். அவ வாயத் தொறக்கதுக்கு முன்னயே மொகம் சொல்லீரும்லா” என்றாள். நடிப்பைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளில் இவ்வளவு கெட்டியான விமரிசனம் கிடைத்ததில்லை.

மதுரம் ஸ்ரீரங்கத்துக்காரர். 1935-ல் ‘ரத்னாவளி’யில் திரைக்கு வந்தார். அடுத்த ஆண்டு ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனா போன இடத்தில் கிருஷ்ணனோடு சேர்ந்தார். அங்கேயே கலியாணமும் நடந்தது. கிருஷ்ணன் ஏற்கெனவே நாகம்மாளை மணந்தவர். பின்னால் மதுரத்தின் தங்கை வேம்புவும் அந்தக் குடும்பத்தில் வந்து சேர்ந்தார். இன்றைய வாசகருக்கு இது நெருடும்; எனக்கும் நெருடத்தான் செய்கிறது. ஆனால் மதுரத்தின் மனக்கணக்கை நாம் போட்டுப் பார்ப்பது நியாயமாகாது.

‘அம்பிகாபதி’, ‘அசோக்குமார்’, ‘கண்ணகி’, ‘மங்கம்மா சபதம்’, ‘ஹரிதாஸ்’ என்று அந்த ஜோடி 100-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்ததாகச் சொல்வார்கள். அக்காலத்தில் ஹாஸ்யம் தனிச் சரக்கு. கிருஷ்ணன் தமது பகுதியைத் தாமே யோசித்துத் தனியாக எடுத்துக் கொடுப்பார். முதலாளி அதைப் படத்தில் சேர்த்துக்கொள்வார். கதைக்கும் அதற்கும் பல சமயம் ஒட்டும் இராது, உறவும் இராது. இதைச் சொல்லாமல் மதுரத்தை எடை போட முடியாது. அவருக்குக் கதை கிடைக்கவில்லை, காட்சிதான் கிடைத்தது. கதாநாயகிக்குப் பதினாறு ரீல். இவருக்கு நடுவில் நாலு இடம். அதற்குள் சண்டை, சமாதானம், ஒரு பாட்டு. அவ்வளவு சின்ன இடத்தில் முழுப் பெண் ஒருத்தியைக் காட்டியாக வேண்டும்.

காட்டினார் என்பதே என் அபிப்பிராயம். அவர் நடித்த மனைவிமார் புருஷனை வைகிறவர்கள், நொடிக்கிறவர்கள் என்பது வாஸ்தவம். சில இடங்களில் அது அலுக்கவும் அலுக்கிறது. பத்துப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே முகவெட்டு திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆனால் கிருஷ்ணனின் ஹாஸ்யம் உபதேச ஹாஸ்யம். குடிக்காதே, மூட நம்பிக்கையை விடு, படி, விஞ்ஞானத்தைக் கற்றுக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் அவர். உபதேசம் செய்கிறவன் தனியாக நின்றால் பிரசங்கியாகி விடுவான். மதுரம் எதிரே நின்று சந்தேகப்படுகிறார், முகவாயைத் தோளில் இடித்துக்கொள்கிறார், ‘அதனால் எனக்கு என்ன?’ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார். உடனே பிரசங்கம் குடும்பப் பேச்சாகி விடுகிறது. கொட்டகையில் இருந்தவர்களின் சந்தேகத்தை எல்லாம் அந்த அம்மாள் ஒருத்தியே பட்டுத் தீர்த்தாள். இது சாமான்ய வேலை இல்லை.

அமெரிக்காவில் ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேஸி ஆலன் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். மேடையில் முதலில் விகடம் அவனுக்கு, கேள்வி அவளுக்கு. ஜனங்கள் அவளுடைய கேள்விக்கே சிரித்தார்களாம். பர்ன்ஸ் பேசாமல் விகடத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கிற வேலையைத் தான் எடுத்துக்கொண்டான். நம் ஊரில் அப்படி மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க ஆசையாக இருக்கிறது.

யோசிக்க ஆதாரமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1944 டிசம்பரில் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரோடு கிருஷ்ணனும் கைதானார். தண்டனையாயிற்று. லண்டன் பிரிவி கௌன்சில் வரை வழக்குப் போய்த் திரும்பி, எதிராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் விடுதலை. ஏறத்தாழ முப்பது மாதம். அத்தனை காலமும் வழக்குக்குப் பணம் வேண்டும்; கிருஷ்ணனை நம்பியிருந்த நடிகர்களுக்குச் சோறு வேண்டும். மதுரம் மூலையில் உட்காரவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழு நடந்தது. நாடகமாக ஆடிய ‘பைத்தியக்காரன்’ படமாயிற்று. விதவா விவாகத்தை ஆதரித்த கதை, கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன். படம் முடிவதற்குள் கிருஷ்ணன் வெளியே வந்துவிடவே, அவருக்கென்று ஒரு பாத்திரம் சேர்த்தார்கள். அவருக்கு ஜோடி வேண்டுமே! மதுரம் அதே படத்தில் இரண்டாவது வேஷமும் போட்டார்.

இதை நான் வேடிக்கைத் தகவலாகச் சொல்ல வரவில்லை. சிறையில் இருந்த புருஷனுக்காகக் கண்ணீர் விட்ட மனைவி என்று ஜனங்கள் அவரைப் பற்றி உருகுவார்கள். அந்த மாதங்களில் அவர் செய்தது தொழில். ஒரு குழுவைக் கலையாமல் காத்த காரியம் அது. இதே குழுவைக் கிருஷ்ணன் காத்திருந்தால் அதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர் சூட்டியிருப்போம். பெண் செய்ததால் பதிபக்தி என்று எழுதி வைத்தோம்.

விடுதலைக்குப் பின் வாசன் தமது ‘சந்திரலேகா’வில் (1948) இருவரையும் சர்க்கஸ்காரர்களாகச் சேர்த்தார். கதை நெடுநாளாக வளர்ந்துகொண்டிருந்த படம். இவர்கள் பின்னால் வந்தவர்கள். அது தெரியாதபடி கலந்து போயிருக்கிறார்கள். 1949-ல் அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’ வந்தது. ‘மதுரை வீர’னிலும் (1956) இந்த ஜோடி உண்டு. 1957 ஆகஸ்டு 30-ல் கிருஷ்ணன் காலமானார்.

அதன் பிறகு மதுரத்தின் கதை சுருங்கி விடுகிறது. அவர் 1974 வரை இருந்தார். பதினேழு வருஷம்! தமிழ் சினிமா அந்தக் காலத்தில்தான் குடும்பக் கதைகளாக எடுத்துத் தள்ளியது. மாமியார், அத்தை, பக்கத்து வீட்டு அம்மாள் என்று படத்துக்குப் படம் வேஷங்கள் காத்துக் கிடந்தன. ஒரு பார்வையில் பிரசங்கத்தை மடக்கத் தெரிந்த நடிகைக்கு அவற்றில் ஒன்றையாவது பெரிதாக எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஜோடி போய்விட்டது, இனி இவருக்கு என்ன வேலை என்று எண்ணினார்கள் போலும். அவரே வேண்டாம் என்று இருந்திருக்கவும் கூடும்.

போன மாசம் ‘சந்திரலேகா’வை மறுபடி பார்த்தேன். ஆச்சி சொன்னபடி, கிருஷ்ணன் பேசும்போதெல்லாம் அவரைப் பார்க்காமல் பக்கத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இடத்தில் ஒரு விநாடி முந்திச் சிரித்துவிட்டேன். கூட இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள்.