பெயரும் தொற்றும்: எச்.ஐ.வி. குறித்த தமிழ்ச் சொல்லாட்சி

எச்.ஐ.வி. பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றை மருத்துவச் செய்தியின் சரிபிழை கொண்டு மட்டும் மதிப்பிடல் போதாது. அச்செய்தியைத் தாங்கிவரும் சொற்கள் யாரை எச்சரிக்கின்றன, யாரை எச்சரியாது விடுகின்றன என்பதும் நோக்கத்தக்கது. கெடாவின் தோட்டங்களையும் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் முதலிய பட்டணங்களையும் மனத்திற்கொண்டு மூன்று சொல்லாட்சிகளை இங்கு ஆராய்வோம்.

முதலாவது, ‘உயிர்க்கொல்லி நோய்’. மலேசியாவில் இத்தொற்று 1986இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளை வெளிக்கொணர்ந்தனர். பயன்தரும் மருந்தில்லாத அக்காலத்திற்கு இத்தொடர் பொருந்தியது. இன்று முறையாக மருந்துண்பவர் நெடுங்காலம் வாழ்கிறார். குருதியில் கிருமி கண்டறிய இயலா அளவிற்குக் குறைந்து அந்நிலை நீடிப்பின், உடலுறவு வழி அவர் பிறருக்குத் தொற்றைப் பரப்புவதுமில்லை. பழந்தொடரோ மெலிந்து வாடிய உடலையே கண்முன் நிறுத்துகின்றது. தொற்றியபின் பல்லாண்டுகள் அறிகுறியே இன்றிச் செம்பனைக் குலை வெட்டவும் தொழிற்சாலைக்குச் செல்லவும் இயலும் என்பதை அது மறைக்கின்றது. உடல்நலத்தோடு இருப்பவர் தம்மை ஐயுறுவதில்லை, பரிசோதனைக்கும் செல்வதில்லை.

இரண்டாவது, பாலியல் அடையாளப் பெயர்கள். ‘ஓரினச்சேர்க்கை’ செயலைச் சுட்டும். ‘தன்பாலீர்ப்பு’ இயல்பைச் சுட்டும். பின்னது மதிப்பான சொல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், தோட்டத்தில் பிறந்து, தாமானில் குடியேறி, மனைவி மக்களோடு வாழும் ஆடவர் ஒருவர் மற்றோர் ஆணுடனும் உறவு கொள்பவராயின், இவ்விரு பெயர்களையும் தமக்குரியனவாக ஏற்காதிருத்தல் கூடும். எச்சரிக்கை பெயர்சொல்லி அழைக்கும்போது, அது பிறர்க்கானது எனக் கருதி அவர் விலகிச் செல்வார். இதனை உணர்ந்தே நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் 1990களில் ‘ஆணுடன் உறவு கொள்ளும் ஆடவர்’ என்னும் வழக்கைக் கைக்கொண்டனர். அவ்வழக்கும் குறையற்றதன்று, அன்பையும் அடையாளத்தையும் நீக்கி, மனிதரை ஒரு செயலாகச் சுருக்கிவிடுகின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் வயதுவந்தோரின் இசைவான தன்பால் உறவைக் குற்றமன்று என அறிவித்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377அ பிரிவோ இன்றும் நடப்பிலுள்ளது. இந்நிலையில், அக்கம்பக்கத்தார் வந்துபோகும் கிளினிக்கில் உண்மையைக் கூற ஒருவர் அஞ்சுவது இயல்பே.

மூன்றாவது, பள்ளிக் கட்டுரைகள் தடுப்புமுறையாக எடுத்துரைக்கும் ‘ஒருவனுக்கு ஒருத்தி’. இருவரும் தொற்றற்றவராய் இருந்து, இருவரும் இந்நெறியைக் காத்தால் மட்டுமே இது உடலுறவு வழித் தொற்றைத் தடுக்கும். மலேசியாவில் 1998 முதல் கருவுற்ற தாய்மார்க்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுகின்றது. முஸ்லிம் இணையர்க்குத் திருமணத்திற்கு முந்திய பரிசோதனை 2009இல் நாடு முழுமைக்குமானது. இந்துத் தமிழ் ஆடவர்க்கு இத்தகைய கட்டாய வாயில் எதுவுமில்லை. ஆகவே, கணவரின் கண்டறியப்படாத தொற்று மனைவியின் கருவுற்ற காலப் பரிசோதனையில் முதலில் வெளிப்படலாம். முதலில் கண்டறியப்பட்டவரே முதலில் தொற்றுற்றவர் எனக் கொள்வது தருக்கப் பிழை. அப்பிழையின் சுமையோ நெறி பிறழாத பெண்ணின் தலையில் ஏற்றப்படுகின்றது.

இம்மூன்றையும் இணைத்து நோக்கின் ஒன்று தெளிவாகின்றது. நம் சொல்லாட்சி, ‘எவ்வழியில் தொற்றும்’ என்று கேட்கவேண்டிய இடத்தில் ‘யாருக்குத் தொற்றும்’ என்று கேட்கின்றது. 2000களின் தொடக்கத்தில் தமிழகத்தில் பரவிய புள்ளிராஜா விளம்பரம், எய்ட்ஸ் வருமா என்னும் வினாவை ஒரு சாதாரண ஆடவரின் பெயரோடு பொருத்தி, அதனை எல்லார்க்கும் உரியதாக்க முயன்றது. ஆயினும் அதுவும் ‘யாருக்கு’ என்னும் வினாவே. மலேசியாவில் தொடக்கத்தில் ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் மிகுந்திருந்த தொற்று, 2010க்குப் பின்னர்ப் பெரும்பாலும் உடலுறவு வழியாகவே பரவுகின்றது. வழி மாறியபோதும் ‘கெட்டுப்போனவர் நோய்’ என்னும் எண்ணம் மாறவில்லை.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இதனை எடுத்துரைக்கும் தமிழாசிரியர், பெயரை விடுத்துச் செயலைக் கூறுதல் வேண்டும்: ஆணுறையற்ற உடலுறவு யாருடன் நிகழினும் தொற்று நேரலாம், பரிசோதனை ஒன்றே தொற்றை அறியும் வழி, சொந்த ஊரில் கூச்சமெனில் வேற்றூர்க் கிளினிக்கிலும் அதனைச் செய்துகொள்ளலாம். இவ்வாறு கூறுங்கால், தமக்கெனப் பெயர் எதனையும் சூடிக்கொள்ளாதவரும் கேட்போருள் ஒருவராவார்.