குடிமராமத்து: பகிர்ந்த பொறுப்பும் பகிராத அதிகாரமும்

ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றில் நேரும் சிறு பழுதுகளை, அவற்றால் பயன்பெறும் ஊராரே தம் உழைப்பாலோ பொருளாலோ சீர்செய்துகொள்ளும் வழக்கம் குடிமராமத்து எனப்படும். கல்லணையும் மேட்டூர் அணையும் ஆட்சியாளர்களின் பெயர் சொல்லி நிற்பவை. ஆனால் ஆற்றிலிருந்து பிரிந்து, மேலும் மேலும் கிளைத்து, கடைசியில் ஒரு வயலின் மடைவாயை எட்டும் ‘சி’, ‘டி’ வகை வாய்க்கால்களை எந்த ஆட்சியும் முழுமையாகப் பேணியதில்லை என்பதால், தஞ்சைப் பகுதியின் நெல் விளைச்சல் நெடுங்காலம் இவ்வழக்கத்தை நம்பியே இருந்தது.

இதன் வலிமை, தன்னலத்தையும் பொதுநலத்தையும் ஒரே வேலைக்குள் பிணைத்ததில் இருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று நீர் திறப்பது மரபு. அதற்கு முன் கோடையில் வாய்க்காலை மூடியிருக்கும் வெங்காயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு அகற்றி, படிந்த வண்டலை வெட்டிக் கரையில் ஏற்றியாக வேண்டும். எந்த வளைவில் மண் சேரும், எந்தக் கரை முதல் வெள்ளத்துக்கே உடையும் என்பது அங்கு உழுபவருக்குத் தெரிந்த அளவு பொறியாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தன் வயலுக்கு நீர் வர வேண்டும் என்ற ஒருவரின் நோக்கமே அண்டை வயலுக்கும் வழிதிறந்துவிட்டதால், அறிவுரை ஏதுமின்றியே பொறுப்பு பரவியது.

ஆயினும் இவ்வழக்கத்தைப் போற்றி எழுதுவோர் பலரும், மண்வெட்டியைப் பிடித்த கை யாருடையது என்று கேட்பதில்லை. நிலம் மிராசுதாரர்களிடம் குவிந்திருந்த ஊர்களில், ‘ஊர் கூடிச் செய்த வேலை’ பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்களின் உழைப்பே. சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி ஆள் அனுப்பத் தவறுவோர் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றது. மனமுவந்த கடமை அத்துடன் தண்டத்துக்கு அஞ்சிய கடமையாகவும் மாறியது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, ஆணையிட்டு ஆள் திரட்டும் மிராசுதாரரின் செல்வாக்கைத் தளர்த்தியபோது, குடிமராமத்தும் சேர்ந்து தளர்ந்தது வியப்பன்று. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியும், அந்த நில அதிகாரம் எவ்வளவு கொடியது என்பதைக் காட்டியபடி, இதே நெல் நாட்டில்தான் இருக்கிறது. ஊராட்சி விதிகளைக் கூறும் சோழர்காலத்து உத்திரமேரூர் கல்வெட்டிலும், பொறுப்பைப் பகிர்ந்து அதிகாரத்தைப் பகிராத இந்த இருமுகம் உண்டு: கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் ஏரியைப் பேணும் குழுவான ஏரி வாரியத்திலிருந்து விலக்கிய அதே விதிகள், நிலமில்லாதவரையும் வெளியே நிறுத்தின.

2017இல் தமிழ்நாடு அரசு 100 கோடி ரூபாயில் இவ்வழக்கத்தைத் திட்டமாக மீட்டெடுத்தது. ஆயக்கட்டு உழவர்கள், அதாவது ஒரு நீர்நிலையின் பாசனப் பரப்புக்குள் நிலம் உடையோர், செலவில் 10 விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ ஏற்க வேண்டும் என்றும், ஒப்பந்ததாரருக்குப் பதில் அவர்களின் சங்கமே பணியைச் செய்யும் என்றும் வகுக்கப்பட்டது. எண்ணம் நன்று. ஆனால் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை செய்தார் என்ற குறை பல இடங்களில் எழுந்தது. மண்வெட்டியின் இடத்தைப் பொக்லைன் பிடித்தது. வாய்வார்த்தைக் குத்தகையில் பயிரிடுவோரின் குரலுக்கு நிலவுடைமையை அடிப்படையாகக் கொண்ட சங்கத்தில் இடம் அரிதாயிற்று. பொதுவளங்களை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், விதிகளால் கட்டுப்படுவோர் அவ்விதிகளை மாற்றுவதிலும் பங்கேற்கும் இடத்தில்தான் கூட்டு நிர்வாகம் நிலைக்கிறது என்று கண்டார். இங்கோ செலவில் பங்கு கேட்கப்பட்டது; எந்த வாய்க்கால், எவ்வளவு ஆழம், எப்போது என்ற முடிவுகள் பெரும்பாலும் அலுவலகத்திலேயே தங்கின.

ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் வாய்க்காலை மறந்தாலும் குறுவை நட்டுவிடலாம் என்ற இன்றைய நிலை, பழைய பிணைப்பையும் அறுத்துவிட்டது. இச்சூழலில் சங்கத் தலைவராக வேண்டியவர் தலைமடையில் பெருநிலம் உடையவர் அல்லர். நீர் வராவிட்டால் முதலில் இழப்பவரே. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை உழவருக்குத் தூர்வாரிய வாய்க்காலின் தரம் அளவுநாடா இல்லாமலே தெரியும். எனவே பணி முடிந்ததாகக் கூறும் சான்றில் அவருடைய கையொப்பம் இல்லாமல் பணம் வழங்கக் கூடாது என்ற ஒரே விதியை அரசு சேர்த்தாலும், குடிமராமத்து என்ற பெயருக்கு ஓரளவு தகுதி வரும்.