பழைய வயர்கட்: ஓட்டமும் வெட்டும்

நிறுத்திப்போட்ட ஒரு பழைய வயர்கட் இயந்திரம் மலிவாகக் கிடைத்து, வேங்கிக்கால் பட்டறை ஒன்றில் வந்து இறங்குகிறது. தொழிலுக்குப் புதியவர் ஒருவர் அதை மீட்க முனைகிறார் என்று கொள்வோம். அவர் முயற்சியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? திரை ஒளிர்ந்தது, வயர் ஓடியது, பொறி பறந்தது என்பதையே வெற்றியாக அறிவிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை என்னால் ஏற்க இயலவில்லை. வெட்டிய துண்டு மைக்ரோமீட்டரின் கீழ் நிற்காத வரை அந்த இயந்திரம் ஓடுகிறது, அவ்வளவே.

மாஸ்கோவில் லாசரென்கோ தம்பதியர் 1943இல் மின்பொறி அரிப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1969இல் சுவிட்சர்லாந்தின் ஆகி நிறுவனம், அந்த அரிப்பைக் கொண்டே வெட்டும் எண்முறைக் கட்டுப்பாட்டு வயர்கட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இதன் மேன்மை ஒன்றே: வயர், வெட்டப்படும் ஜாப்பைத் தொடாமல், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளியில் நின்று, கடினமாக்கிய எஃகையும் அழுத்தமின்றி அறுக்கிறது. மீட்பவருக்குத் தொல்லையும் அங்கேதான். வயர், நீர், மின்துடிப்பு, மேசையின் நகர்வு நான்கும் அந்தச் சிற்றிடைவெளியில் கூடுவதால், ஒன்றின் குறை மற்றொன்றின் முகமூடியோடு வெளிப்படுகிறது.

வயர் அடிக்கடி அறுந்தால் புதியவர் செய்வது, மின்சக்தியைக் குறைப்பது. வயர் அறுவது நிற்கும், வேகம் பாதியாகும், குறை அப்படியே இருக்கும். மின்சாரம் தரும் கார்பைடு துண்டில் வயர் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கலாம். அதைச் சற்றுத் திருப்பி வைத்தாலே போதும். வைரக் கைடில் கசடு அடைந்திருக்கலாம். நாசில் உதடு உடைந்து நீர் பக்கவாட்டில் சிதறலாம். இவற்றைத் தேடாமல் பவர் சப்ளை போர்டைக் கழற்றுவது முறையில்லாத துணிச்சல். நிறுத்திய பின்னும் அங்குள்ள கெபாசிட்டர்கள் மின்னூட்டம் வைத்திருக்கும் என்பதால் ஆபத்தும்கூட. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைப்பவரே காரணத்தைக் காண்பார். வேலை மெல்ல நகரும் என்பது உண்மை. ஆயினும் சரியான முறை வேறில்லை.

நீரைப் பற்றி வேங்கிக்காலில் தனியாகவே பேச வேண்டும். பித்தளை வயர் இயந்திரங்கள் கேட்பது பொதுவாக சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோசீமன்ஸ் கடத்துதிறன் கொண்ட நீர். கருங்கல் நிலத்து போர்வெல் நீரின் கடத்துதிறனோ பல நூறு, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல். அதை நேரே தொட்டியில் விட்டால், கடத்துதிறனைக் குறைக்கும் ரெசின் சில நாளில் தீரும். நீர் வழியே மின்சாரம் கசிந்து பொறி வலுவிழக்கும். ஜாப்பில் துரு ஏறும். முதல் நிரப்புதலுக்கே ஆர்.ஓ. நீர் வேண்டும். வெயிலும் கணக்கில் வரும். 100 மி.மீ. எஃகு, 10 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.011 மி.மீ. நீளும். சித்திரை மாதத் தகரக் கொட்டகையில் ஐந்து மைக்ரான் துல்லியத்தை எதிர்பார்ப்பதற்கு அடிப்படையே இல்லை.

வாங்கும் முன்பே தீர்ப்பெழுத வேண்டிய இடமும் ஒன்றுண்டு. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் அளவுருக்கள் மின்கலத்தின் தயவில்தான் நினைவில் நிற்கின்றன. ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தால் அழிந்துவிடும். பெட்டிக் கதவின் உட்புறம் அந்த அளவுருக்களை எழுதிய தாள் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. தாளோ ஃபிளாப்பியோ இல்லையெனில், இயந்திரம் எவ்வளவு பளபளத்தாலும் புதியவர் விலகுவதே நேர்மையான முடிவு.

இயந்திரத்தின் தேர்வுக்கு நான் கேட்பது எளிது: 50 மி.மீ. தடிமனில் 20 மி.மீ. சதுரம், அதே தடிமனில் ஒரு வட்டம். சதுரத்தை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் அளவு மாறினால் வயரின் வளைவு. அளவு மாறாமல் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் வயர் செங்குத்தாக இல்லை. வட்டத்தில் கால்வட்ட எல்லைகளில் படி தெரிந்தால் மேசையை நகர்த்தும் ஸ்குரூவில் தளர்ச்சி. வீண் பேச்சுக்கு இடம் தராத சோதனை இது. விற்பவர் சொல்லையும் மீட்டவர் பெருமிதத்தையும் ஒருசேரச் சோதிக்கும்.

இனி எந்த வகை என்பது. சீனத்தில் வளர்ந்த மாலிப்டினம் வயர் இயந்திரத்தை நம் விமர்சகர்கள் தரம் குறைந்ததென்று தள்ளுகிறார்கள். குறை உண்மையே: 0.18 மி.மீ. வயர் முன்னும் பின்னும் ஓடுவதால் பரப்பில் கோடு விழும். இருநூறில் ஒரு பங்கு மி.மீ. துல்லியத்தை அதனிடம் கேட்க முடியாது. நிறை அவர்கள் கண்ணில் படவில்லை. அதே வயர் திரும்பத் திரும்ப உழைக்கிறது. ரெசின் தேவையில்லை, எண்ணெய் கலந்த நீரே போதும். கட்டுப்பாடு பெரும்பாலும் சாதாரணக் கணினி. ஆரணி அரிசி ஆலைக் கப்பியின் கீவேக்கும், சிறு பிரஸ் டூலின் பஞ்ச்சுக்கும் அது தரும் துல்லியம் போதும். பழைய ஜப்பானிய, சுவிஸ் இயந்திரம் பல சுற்று வெட்டில் தரும் மெருகு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மெருகு குளிரூட்டிய அறையையும், நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியையும், ஒருமுறை ஓடியதும் குப்பைக்குப் போகும் பித்தளை வயரையும், ஜப்பானியதானால் நம் 415 வோல்ட்டை 200 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் கேட்கிறது.

ஆகவே வேங்கிக்காலின் புதியவருக்கு மாலிப்டினமே என் தேர்வு. அம்பத்தூர் டூல் ரூம்கள் கேட்கும் நுண்ணிய டை வேலைக்கு அது நிற்காது. அந்த வேலையை அவர் கையில் எடுப்பது, மேற்சொன்ன சதுரம் மூன்று உயரத்திலும் ஒரே அளவு காட்டிய பிறகு, பித்தளை வயர் இயந்திரத்தில்தான்.